கடைசி ஜீப்புக்கு யார் அட்டை வரைவது

1

இந்த மாதத்தோடு நாங்கள் ஹாம்பர்க் வந்து இருபது வருடம். சொந்த ஊரான போடியிலிருந்து அக்கா போன் செய்து துஆ செய்தாள். என் மனைவி ஷமீமா பிரியாணி போட்டாள். நான் மட்டும் அன்று முழுக்கப் பெற்ற மகளை நினைத்துப் பொறாமையில் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரியாணியில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

மகளைப் பார்த்துத் தகப்பன் பொறாமைப்படுவானா என்று கேட்பீர்கள். படுவான். நான் பட்டேன். இன்னும் முழுசாக விட்டபாடில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இங்கே ஓர் இசைத்தட்டுக் கம்பெனியில் எனக்கு வேலை. பாடுகிறவர்களுக்கு ஒரு முகம் தயாரித்துக் கொடுக்கிற பிரிவு. ஒரு பாட்டுக் குழு வந்தால் அதற்கென்று ஓர் எழுத்து, ஒரு நிறம், ஓர் அடையாளம் வேண்டும். தட்டின் அட்டையிலும், போஸ்டரிலும், பனியனிலும், போனில் நகம் அளவுக்குத் தெரிகிற படத்திலும் அதே முகம் இருக்க வேண்டும். ஊரில் கேட்கிறவர்களிடம் நான் டிசைனர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் வரைகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கொடுத்ததை அளவு பார்த்து வெட்டி, அட்டையின் முதுகில் பெயர் போட்டு, பின்னட்டையில் பொடி எழுத்துகளை அடுக்கி அச்சுக்கு அனுப்புவதுதான் என் வேலை. இத்தனை வருடத்தில் முன்னட்டை ஒன்றுகூட என்னுடையதாக வந்ததில்லை. கல்யாண வீட்டில் ஊருக்கெல்லாம் இலை போட்டுவிட்டுக் கடைசிப் பந்தியிலும் இடம் கிடைக்காதவன் கதைதான்.

2

இதில் இன்னொரு கூத்து, இந்த ஊரில் எனக்கு என் பெயரே கிடையாது.

என் பெயர் சிக்கந்தர். அத்தா பெயர் காதர். நம் வழக்கப்படி நான் கா. சிக்கந்தர். பாஸ்போர்ட்டில் அத்தா பெயர் குடும்பப் பெயர் என்கிற கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வந்த புதிதில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், அது என் தகப்பனார் பெயர், என் பெயர் வேறு என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். கவுண்டரில் இருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அடுத்த முறை அவரையும் அழைத்து வாருங்கள்" என்றார். அத்தா அப்போது போடியில் தன் ஏலக்காய்க் கமிஷன் கடையில் உட்கார்ந்து தேங்காய்ப் பன் தின்றுகொண்டிருந்திருப்பார்.

அன்றிலிருந்து ஆபீசில் நான் காதர். போடியில் அத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட எவனுக்கும் துணிச்சல் வராது. பாய் என்பார்கள், முதலாளி என்பார்கள். இங்கே நேற்று வேலைக்குச் சேர்ந்தவன், "காதர், அந்த ஃபைலை வெட்டியாச்சா?" என்று அறையின் அந்தப் பக்கத்திலிருந்து கத்துகிறான். இன்றைக்கும் ஒரு கணம் எனக்குத் தூக்கிப் போடுகிறது. ஷமீமா நிலைமை அதைவிட மோசம். டாக்டரிடம் போனால் அவளைக் "காதர் அம்மையார்" என்கிற மாதிரிக் கூப்பிடுவார்கள். மாமனார் பெயரைத் தன் தலையில் சுமந்துகொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டபடி எழுந்து போவாள்.

மகளும் காதர்தான். நிலோபர் காதர். பேத்திக்குப் பாட்டன் பெயர். நடுவில் இருக்கிற நான் எங்கேயும் இல்லை. தட்டுகளின் பின்னட்டையில் அச்சுத் தயாரிப்பு என்று ஒரு பொடி வரி வரும். அதிலும் எஸ். காதர்தான். அந்த எஸ் யார் என்று இங்கே ஒருவரும் கேட்டதில்லை. ஏலக்காயைத் தவிர வேறு எதிலும் மனசு வைக்காத என் அத்தா இத்தனை ஜெர்மன் இசைத்தட்டுகளில் இடம் பிடித்துவிட்டார்.

3

போடியில் எனக்குப் பெயர் இருந்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கேசட் கடையில் சேர்ந்தேன். பிடித்த பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் வெறும் கேசட்டில் பதிந்து கொடுக்கிற கடை. "முதலாளி மகனுக்கு இந்தப் பிழைப்பு எதுக்கு?" என்று அத்தா ஒரு மாதம் பேசாமல் இருந்தார். கேசட்டின் உள்ளே வைக்கிற அட்டையில் தலைப்பும் பாட்டு வரிசையும் எழுதுவது என் பொறுப்பு.

முக்கால்வாசி வாடிக்கை ஜீப்பு டிரைவர்கள். விடியுமுன் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகிறவர்கள். "சிக்கந்தரு, தலைப்புல நம்ம வண்டி பேரப் போடு. கொம்பு வச்சு எழுதணும்ப்பா" என்பார்கள். நான் கடைசி எழுத்தின் வாலை இழுத்துப் போடிமெட்டு மலைப்பாதை மாதிரி நெளித்துவிடுவேன். அதையே கண்ணாடியில் ஒட்டுகிற ரேடியம் ஸ்டிக்கருக்கும் கேட்டு வருவார்கள். ஒரு காலத்தில் மலையேறுகிற ஜீப்புகளில் பாதிக்கு என் எழுத்து. அந்தத் திமிரில்தான் முதலில் சென்னை, பிறகு இந்த ஊர் என்று கிளம்பினேன்.

ஆனால் அந்த ஜீப்பில் நான் ஒரு நாளும் ஏறியதில்லை. ஏற வேண்டிய அவசியம் இல்லாத வீடு. எங்களுக்கு ஏலக்காய் என்றால் சாக்கில் வந்து இறங்குகிற காய். சலித்து, தரம் பிரித்து, ஏலத்துக்கு அனுப்புவோம். சாக்குக்கு முந்திய கதை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

4

இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கா மகன் ஒரு பாட்டை அனுப்பினான். குழுவின் பெயர் 'கடைசி ஜீப்பு'. மூன்று போடிப் பையன்கள். முன்னால் நின்று பாடுகிறவன் மாறன். அவன் அப்பா ஜீப்பு டிரைவர், அம்மா தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிறவர். உறுமி ஒரு பக்கம் உறும, மலைக்குப் போகிற பெண்கள் கங்காணியைத் திட்டுகிற திட்டை அப்படியே ராப்பாக அடுக்கியிருந்தார்கள். பாதித் தமிழ், பாதி மலையாளம். கேட்டதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.

என் மேலாளர் பீர்கிட்டிடம் அதைப் போட்டுக் காட்டியது நான். இங்கே இசைத் திருவிழா ஒன்றில் அவர்களைப் பாட வைக்கலாம், முதல் தட்டை நாமே போடலாம் என்று விடாமல் நச்சரித்தது நான். மனதில் ஒரே ஆசை, இந்த அட்டை எனக்கு. போடிப் பையன்களுக்குப் போடிக்காரன்தானே வரைய வேண்டும். அட்டையைக் குழுவே தேர்ந்தெடுக்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அவர்கள் வேறு யாரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஒப்பந்தம் முடிந்த கையோடு, போன வருடக் கடைசியில்தான் நிலோபர், படிப்புக்கு இடையில் ஆறு மாதம் போடியில் இருக்கப்போகிறேன் என்றாள். எனக்கு ஆச்சரியம். இவள் இங்கே படம் வரையும் கல்லூரியில் படிக்கிறாள். ஏழு வயதிலேயே நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லப் பழகிவிட்டாள். சிநேகிதிகள் வந்தால் ரசத்தை அடுப்பில் வைக்காதே என்று அம்மாவிடம் கெஞ்சுவாள். பள்ளிக்கூடத்தில் சொந்த ஊரை வரையச் சொன்னபோது துறைமுகத்துக் கிரேனை வரைந்து கொடுத்தாள். அப்படிப்பட்ட பிள்ளை வாய் திறந்து போடி என்று கேட்டதும் உடனே டிக்கெட் எடுத்தேன். நான் வரைந்த அட்டையை அச்செடுத்துச் சுருட்டிக் கொடுத்து, மாறன் கையில் சேர்த்துவிடச் சொல்லி அனுப்பினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

என் அட்டையில் மலை இருந்தது, மூடுபனி இருந்தது, நடுவில் ஓர் ஏலச்செடி, அதில் கொத்துக் கொத்தாகக் காய், மேலே தங்க எழுத்து. மாறன் வீடியோவில் கூப்பிட்டான்.

"அண்ணே, வேலைப்பாடு சூப்பரா இருக்குண்ணே."

"புடிச்சிருக்கா?"

"அதாண்ணே... எங்கம்மா பாத்துட்டு, இது எந்தக் கம்பெனி ஏலக்கா பாக்கெட்டுன்னு கேக்குது."

நான் சிரித்து வைத்தேன்.

"அப்பறம் தப்பா நெனைக்காதீங்க. காயப் பூராம் கெளையில தொங்க விட்டிருக்கீங்க. அதுவும் காஞ்ச காயி."

அவன் பின்னால் பெண்கள் சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பு என் மகளுடையது. ஏலச்செடியில் காய் தூரிலிருந்து கிளம்புகிற சரத்தில், தரையோடு தரையாகக் கிடக்குமாம். குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டுமாம். காயும்போதுதான் நாம் பார்க்கிற வரிவரியான ஒட்டிய காயாகுமாம். ஏலக்காய் முதலாளி மகன் நான், செடியில் போய் சாக்குக்காயைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

விடவில்லை. காயை எடுத்துவிட்டு ஜீப்பைப் போட்டு அனுப்பினேன். ஜீப்பை எடுத்துவிட்டுப் பனியை மட்டும் வைத்து அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் "சூப்பர்ண்ணே" என்று ஆரம்பித்து இழுப்பான். கடைசியில் ஒரு நாள் உடைத்தே சொல்லிவிட்டான்.

"அண்ணே, நிலோ ஒண்ணு வரைஞ்சிருக்கு. எங்க மூணு பேருக்கும் அதுதான். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"இதுல கோவிக்க என்னப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஷமீமா வாங்கி வைத்திருந்த பேரீச்சம்பழ டப்பாவைப் பாதி காலி செய்தேன்.

5

படம் வந்தது. முழுக் கருப்பு. உற்றுப் பார்த்தால் கருப்புக்குள் முழங்கால்கள், தூக்குவாளிகள், தலையில் கட்டிய துண்டுகள் தெரிந்தன. ஜீப்பின் பின்பக்கம் நெருக்கி உட்கார்ந்திருக்கிற பெண்கள். நடுவில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு சதுரத் திறப்பு. அதன் வழியே பின்னால் ஓடுகிற பாதை, கொண்டை ஊசி வளைவு, அடியில் இன்னும் விளக்கு அணைக்காத போடி. அவ்வளவுதான். மேலே கோணல்மாணலாகக் 'கடைசி ஜீப்பு' என்று எழுத்து.

நிலோபர் மாறனுடைய அம்மாவோடு தினமும் ஜீப்பில் போய் வந்திருக்கிறாள். பின்னால் உட்கார்ந்து மலையேறுகிறவர்களுக்கு எதிரே வருகிற மலை தெரியாது. விட்டுவிட்டு வந்த ஊர்தான் தெரியும், அது சின்னதாகிக்கொண்டே போவது தெரியும். இருபது வருடமாக நான் பார்க்கிற போடியும் அதுதான். அதை வரைய வேண்டியவன் நான். வரைந்தது ஹாம்பர்க்கில் பிறந்த பிள்ளை.

வயிறு எரிந்தது. வேறு எந்த வார்த்தையும் இதற்குச் சரிவராது. அவள் அனுப்புகிற குரல்பதிவுகளைக் கேட்டால் இன்னும் எரிந்தது. "சோலி முடிஞ்சிருச்சு அத்தா, வெரசாக் கெளம்புறோம்" என்கிறாள். இங்கே பதினெட்டு வருடம் நான் மண்டையை உடைத்துக்கொண்டும் வராத தமிழ், அங்கே நாலைந்து மாதத்தில் வந்துவிட்டது. நடுவில் எனக்கே புரியாத மலையாள வார்த்தைகள் வேறு. ஊர்ப் பேக்கரிக்காரர் அவளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு முறுக்கு வைக்கிறாராம். நான் ஊருக்குப் போனால் அதே பேக்கரியில் எந்த நாட்டிலிருந்து வர்றீங்க என்று கேட்கிறார்கள்.

"பெத்த புள்ள மேலயா ஒங்களுக்கு?" என்றாள் ஷமீமா.

"அட்டை நல்லாருக்குன்னுதான் சொன்னேன்."

"மூஞ்சி அப்படிச் சொல்லலையே" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

6

இருபதாம் வருடத்துப் பிரியாணிக்கு முந்தின நாள், பீர்கிட் அந்தப் படத்தை என் மேசைக்கு அனுப்பினார். "காதர், அற்புதமான அட்டை. உன் மகளாமே. அச்சுக்குத் தயார் பண்ணிவிடு." பெற்ற மகளின் படத்தை நானே அளவுக்கு வெட்ட வேண்டும்.

வெட்டினேன். முதுகில் பெயர் போட்டேன். பிறகு அந்த எழுத்தைப் பார்த்தேன். 'ஜீ' ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. 'ப்பு' மேலே ஏறிப்போய்விட்டது. இவள் தமிழ் எழுதக் கற்றதே போன வருடம்தான். எழுத்து என்பது என் தொழில், என் சொத்து. யாரும் கேட்காமலே உட்கார்ந்து அத்தனையையும் புதிதாக எழுதினேன். கொம்பு வைத்து, கடைசி வாலை நெளித்து, அசல் சிக்கந்தர் எழுத்து. பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. அதை வைத்து மாதிரிப் பிரதியைக் குழுவுக்கு அனுப்பினேன். மறுநாள் பிரியாணி தின்றபோது அவள் எப்போது கூப்பிடுவாள் என்றுதான் காத்திருந்தேன்.

மாறன் கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் அனுப்பினான். பீர்கிட் அழகு என்றார். சாயங்காலம் போடியிலிருந்து நிலோபர் கூப்பிட்டாள்.

"அத்தா, எழுத்தத் தொட்டீங்களா?"

"கொஞ்சம் சரி பண்ணேன். கோணலா இருந்துச்சு."

"ஓடுற ஜீப்புல ஒக்காந்து எழுதுனது. கோணலாத்தான் இருக்கும்."

"அச்சுக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கும்மா."

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஒங்களுக்கு வயித்தெரிச்சலா அத்தா?"

ஜெர்மனில் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். இது ஜீப்பில் கற்றுக்கொண்ட வார்த்தை. எனக்கு ஓட இடமில்லை.

"ஆமா" என்றேன்.

"அட்டைக்கா?"

"அட்டைக்கும்தான். ஊருக்கும்தான். நான் எழுதிப் போட்ட ஊரு என்னைய மறந்துருச்சு. ஒன்னையக் கூப்பிட்டு ஒக்கார வச்சிருக்கு."

"ஒக்கார வைக்கல" என்றாள். "மொத நாளு நான் காதர் முதலாளி பேத்தின்னு சொன்னேன். முதலாளி வீட்டுப் புள்ளைக்கு இதுல என்ன சோலின்னு கேட்டாங்க. யாரும் நகந்து எடம் விடல. ஏறுனவ எறங்கீரலாமான்னு நின்னேன். மாறனோட அப்பாதான் வண்டி ஓட்டுனாரு. திரும்பிப் பாத்து, 'ஏத்தா, இது நம்ம கேசட்டுக் கட சிக்கந்தரோட மக'ன்னாரு. அப்பறந்தான் எடம் குடுத்தாங்க. நீங்க எழுதுன பேரு அந்த வண்டியில இன்னும் இருக்கு."

ஷமீமா ஈரக் கையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"எழுத்தப் பழையபடி வச்சிருங்க" என்றாள் மகள். "பின்னட்டைக்கு என் பேர அனுப்புறேன். அப்படியே போடுங்க. அதையும் திருத்தீராதீங்க."

7

மறுநாள் காலையில் முதல் வேலையாக என் எழுத்தை அழித்து அவள் எழுத்தை வைத்தேன். சந்தோஷமாகச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சாய்ந்த 'ஜீ' என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மத்தியானம் அவள் அனுப்பிய பெயர் வந்தது. நிலோபர் காதர் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தது தமிழில் ஒரே வரி: அட்டை ஓவியம், சி. நிலோபர், போடி.

இந்தப் பிள்ளை தன் பெயருக்கு முன்னால் எழுத்துப் போட்டு நான் பார்த்ததே இல்லை. இங்கே அந்தப் பழக்கத்தை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவும் இல்லை. அந்த வரியை அப்படியே பின்னட்டையில் வைத்து, பீர்கிட்டுக்காகப் பக்கத்தில் ஜெர்மனில் விளக்கம் எழுதி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் என் மேசைக்கு வந்துவிட்டார்.

"காதர், ஒப்பந்தத்தில் இருக்கிற பெயர் இது இல்லையே. முன்னால் இருக்கிற இந்த எழுத்து என்ன?"

"அது அவள் தகப்பன் பெயர்."

"தகப்பன் பெயர் காதர்தானே?"

"அது என் தகப்பன் பெயர்."

அவர் எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்படியானால் இது யார்?"

"நான்தான். சிக்கந்தர்."

சட்டப் பிரிவு ஒத்துக்கொள்ளாது, பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் போட வேண்டும் என்றார். இந்த ஆபீசில் நான் எதிர்த்துப் பேசியதே கிடையாது. அன்றைக்குப் பேசினேன். ஒப்பந்தத்தில் பாட்டன் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், எங்கள் ஊர் அட்டையில் எங்கள் ஊர் வழக்கப்படிதான் பெயர் வரும், இல்லையென்றால் வேறு ஆளை வைத்து இந்த அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பீர்கிட் போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, "சரி, சிக்கந்தர்" என்றார். உச்சரிப்பு சரியில்லைதான். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது. மறுநாளிலிருந்து பழையபடி காதர்.

போன வாரம் தட்டு அச்சாகி வந்தது. வீட்டுக்கு ஒன்று கொண்டுவந்தேன். ஷமீமா கண்ணாடி போட்டுக்கொண்டு பின்னட்டையை வாசித்துவிட்டு, "இப்பவாவது எரிச்சல் அடங்குச்சா?" என்று கேட்டாள்.

அடங்கவில்லை. முன்னட்டையைப் பார்க்கும்போதெல்லாம் இதை நான் வரையவில்லையே என்றுதான் முதலில் தோன்றுகிறது. யாரும் கேட்காத அந்த எஸ்ஸை விட்டால், இருபது வருடத்தில் இந்த நாட்டில் அச்சான என் பெயர் மொத்தம் இந்த ஒரு தமிழ் எழுத்தும் ஒரு புள்ளியும்தான். அதுவும் மகள் போட்டது, மகள் அட்டையில். எதையும் திருத்தக் கூடாது என்று வேறு சொல்லியிருந்தாள். நானும் திருத்தவில்லை, அச்சுக்கு அனுப்புகிற கடைசி நிமிடத்தில் அந்தச் 'சி'யை மட்டும் ஒரு மயிரிழை தடிமனாக்கினேன். அவள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.